ஆயிரமா, 1024-ஆ? டிஸ்க், மெமரி அளவுகளைப் பிசகாமல் கணக்கிட முழுமையான வழிகாட்டி

1 டிபி என்று அட்டையில் போட்ட டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் 931 ஜிபி என்று காட்டுகிறது, மீதி எங்கே போனது? வேலைக்குப் புதிதாக வருகிறவர்களில் இதைக் கேட்காதவர்களை நான் பார்த்ததில்லை. "ஃபார்மட் செய்ததில் போய்விட்டது" என்று யாராவது ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பார்கள். அதை நம்பி, அதன்மேல் அடுத்த கணக்கையும் போடுவார்கள். உண்மையில் ஒரு பைட்கூடத் தொலையவில்லை. டிஸ்க் செய்தவர் ஆயிரம் ஆயிரமாக வகுத்துச் சொல்கிறார், விண்டோஸ் 1024 1024-ஆக வகுத்துச் சொல்கிறது, இரண்டுக்கும் 'ஜிபி' என்று ஒரே பெயர் விழுந்துவிடுகிறது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். எந்த அளவு கையில் வந்தாலும் முதலில் அதைப் பைட்டாக்கிவிட்டு, அப்புறம் ஒரே தடவை வகுப்பதுதான் இதில் உள்ள முறை. பெரும்பாலும் தடுமாறுவது கணக்கு தெரியாதவர்கள் அல்ல, பைட்டுக்குப் போகாமல் நேரடியாக ஒரு ஜிபியிலிருந்து இன்னொரு ஜிபிக்குத் தாவுகிறவர்கள்தான்.

முன்கூட்டியே வேண்டியவை

பதின்மூன்று இலக்கத்தை முழுசாகக் காட்டும் கால்குலேட்டர் ஒன்று வேண்டும். சில ஃபோன் கால்குலேட்டர்கள் நடுவில் சுருக்கிக் காட்டிவிடும், அப்போது கடைசி இலக்கங்கள் போய்விடும்.

அடுத்து, ஒவ்வொரு அலகிலும் எத்தனை பைட் என்று சொல்லும் இந்த நான்கு எண்களை எங்காவது எழுதி வையுங்கள்:

கிபிபைட்: 1,024
மெபிபைட்: 1,048,576
ஜிபிபைட்: 1,073,741,824
டெபிபைட்: 1,099,511,627,776

1024 கணக்கில் வரும் அளவுகளுக்குப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் ஒப்புக்கொண்ட தனிப் பெயர்கள் இவை. கிலோ, மெகா, ஜிகா, டெரா எல்லாம் ஆயிரக் கணக்குக்கு மட்டும். ஆங்கிலச் சுருக்கத்தில் இவற்றை அடையாளம் காண்பது எளிது, நடுவில் சின்ன 'ஐ' எழுத்து ஒன்று நிற்கும். தமிழில் எழுதும்போது வேறொரு சிக்கல் இருக்கிறது: நம் எழுத்தில் முதலாவதும் மூன்றாவதும் 'கிபி' என்றே வந்து நிற்கும். அதனால் ஜிகாவுக்கு இணையானதை இங்கே 'ஜிபி' சேர்த்து 'ஜிபிபைட்' என்று எழுதுகிறேன். நீங்கள் ஆவணம் எழுதினாலும் இந்த இரண்டும் குழம்பாதபடி ஏதாவது ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

1. பிட்டா பைட்டா என்று முதலில் பாருங்கள்

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம், இங்கே பிசகினால் விடை எட்டு மடங்கு தப்பும். ஆயிரம்–1024 குழப்பம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. ஆங்கிலச் சுருக்கத்தில் சின்ன 'பி' என்றால் பிட், பெரிய 'பி' என்றால் பைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட்.

நெட்வொர்க் வேகம் என்றால் பிட், அதுவும் ஆயிரக் கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100,000,000 பிட், அதாவது 12,500,000 பைட். இதில் 1024-க்கு இடமே இல்லை. கோப்பு, டிஸ்க், மெமரி என்றால் பைட். மெமரி சிப்பின் விவரத் தாளில் மட்டும் சில சமயம் பிட்டில் கொடுத்திருப்பார்கள், அங்கே கவனம் தேவை.

2. உண்மையான பைட் எண்ணிக்கையை எடுங்கள்

திரையில் சுருக்கிக் காட்டும் '931', '465' போன்றவற்றை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவை ஏற்கெனவே வகுத்து, முனையை வெட்டிக் கொடுத்தவை. விண்டோஸ் பொதுவாக மேலே முழுமையாக்காமல் அப்படியே வெட்டிவிடும்: 1.8194 வந்தால் 1.81 என்றுதான் காட்டும். அதை மறுபடி பெருக்கினால் பழைய எண் வராது.

விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் முழு பைட் எண்ணிக்கையும் பக்கத்திலேயே இருக்கும். அது பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்து வைத்த ஒரு பகுதியின்) அளவு என்பதை மறக்காதீர்கள், மொத்த டிஸ்க்கின் அளவு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே கட்டளையோடு சின்ன 'பி' சேர்த்தால் எல்லாவற்றையும் பைட்டில் தந்துவிடும். மேக்கில் டிஸ்க்யூடில் இன்ஃபோ கொடுத்தால் பைட்டும் சேர்ந்து வரும்.

எடுத்த எண்ணை மூன்று மூன்று இலக்கமாகக் கமா போட்டு எழுதுங்கள். 1000204886016 என்று வெறுமனே பார்த்தால் கண் தடுமாறும், 1,000,204,886,016 என்று எழுதினால் ஒவ்வொரு கமாவும் ஒரு கிலோ, மெகா, ஜிகா, டெரா படி. ஆயிரக் கணக்கில் விடை என்ன என்று கால்குலேட்டரே இல்லாமல் படித்துவிடலாம். லட்சம், கோடி முறையில் கமா விழும்படி கணினி அமைந்திருந்தால் இந்த வசதி போய்விடும், அப்போது கையால் திருத்தி எழுதுவதே நல்லது.

3. எதிரில் உள்ள கருவி எந்தக் கணக்கு என்று உறுதி செய்யுங்கள்

நான் பார்த்த தவறுகளில் பாதி இந்தப் படியைத் தாண்டிப் போனதால் வந்தவை. 'ஜிபி' என்ற எழுத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டிஸ்க், எஸ்எஸ்டி, பென்டிரைவ், மெமரி கார்டு ஆகியவற்றின் மேல் அச்சிட்டிருப்பது ஆயிரக் கணக்கு. ராம் எப்போதும் 1024 கணக்கு. ராம் சிப்புக்குள் முகவரிக் கம்பிகள் இருக்கின்றன, ஒரு கம்பி கூடினால் அடையாளம் காட்டக்கூடிய இடங்கள் இரண்டு மடங்காகும். பத்துக் கம்பிக்கு 1024 இடம், முப்பது கம்பிக்கு 1,073,741,824 இடம். ஆயிரத்தோடு நிறுத்தினால் கம்பி வீணாகும், அதனால் ராம் பெரும்பாலும் இரண்டின் அடுக்காகவே வளர்கிறது. டிஸ்க்குக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. தட்டில் எத்தனை செக்டார் (டிஸ்க் தரவை எழுதும் சிறு துண்டு) கொள்கிறதோ அத்தனை.

இயங்குதளங்களில் விண்டோஸ் 1024-ஆல் வகுத்துவிட்டு 'ஜிபி' என்று போடுகிறது. மேக்கில் ஃபைண்டர் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் முதல் ஆயிரக் கணக்கு. ஆனால் அதே மேக்கில் டெர்மினலைத் திறந்து டிஎஃப் கட்டளைக்குச் சின்ன 'எச்' கொடுத்தால் 1024 கணக்கு வரும். ஒரே கணினி, ஒரே டிஸ்க், இரண்டு விடை! லினக்ஸிலும் டிஎஃப் கட்டளைக்குச் சின்ன 'எச்' என்றால் 1024, பெரிய 'எச்' என்றால் 1000. விரல் ஷிஃப்டில் பட்டதா இல்லையா என்பதில் ஏழு சதவீதம் மாறுகிறது.

தெரியாத கருவி ஒன்று கையில் வந்தால் ஆவணத்தைத் தேடுவதைவிட ஒரு சோதனைக் கோப்பு வேகமாக வேலை முடிக்கும். சரியாக 1,000,000,000 பைட் உள்ள கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். லினக்ஸில் ட்ரங்கேட் கட்டளை, விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு எஃப்எஸ்யூடில் கட்டளை போதும். அதை அந்தக் கருவியில் திறந்து பாருங்கள். 1 ஜிபி அல்லது 1000 எம்பி என்று சொன்னால் ஆயிரக் கணக்கு. 953 எம்பி அல்லது 0.93 ஜிபி என்றால் 1024 கணக்கு. இரண்டிலும் சேராமல் 976 என்று வந்தால் அந்தக் கருவி நடுவில் ஒரு தடவை 1024-ஆலும் மற்ற தடவை ஆயிரத்தாலும் வகுக்கிறது, அதன் எண்ணை நம்பாதீர்கள்.

அப்படிக் கலந்து வகுப்பது புதிதல்ல. 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இருந்தது 1,474,560 பைட். ஆயிரக் கணக்கில் அது 1.47, 1024 கணக்கில் 1.41. ஒரு தடவை 1024-ஆலும் ஒரு தடவை 1000-ஆலும் வகுத்தால்தான் 1.44 வரும். சிடியில் 700 எம்பி என்பது 1024 கணக்கு, அதே மாதிரி வட்டத் தட்டான டிவிடியில் 4.7 ஜிபி என்பது ஆயிரக் கணக்கு.

4. ஒரே தடவை வகுங்கள்

இப்போது 931 எப்படி வந்தது என்று கையால் செய்து பார்க்கலாம். 512 பைட் செக்டார் உள்ள 1 டிபி டிஸ்க்கில் வழக்கமாக 1,953,525,168 செக்டார் இருக்கும். 512-ஆல் பெருக்கினால் 1,000,204,886,016 பைட். அட்டையில் சொன்னதைவிட இருபது கோடி பைட்டுக்கு மேல் கூடவே தந்திருக்கிறார்கள்.

இதை 1,073,741,824-ஆல் ஒரே தடவை வகுத்தால் 931.5 வருகிறது. அவ்வளவுதான். மூன்று தடவை 1024-ஆல் வகுத்தாலும் இதே விடைதான், ஆனால் எத்தனையாவது தடவை என்று நடுவில் மறந்துபோவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டதால் ஒரே பெரிய எண்ணால் வகுக்கச் சொல்கிறேன். நடுவில் இலக்கத்தைச் சுருக்கவும் கூடாது.

அதே எண்ணை 1,099,511,627,776-ஆல் வகுத்தால் 0.909. இங்கே ஒரு குழப்பம் வரும்: "ஜிபியில் பார்த்தால் ஏழு சதவீதம் குறைகிறது, டிபியில் பார்த்தால் ஒன்பது சதவீதம் குறைகிறது, எது சரி?" இரண்டும் சரி, பைட் ஒன்றுதான். படி ஏற ஏற இடைவெளி பெருகும். கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் 10, பெட்டாவில் 12.6 சதவீதம் என 1024 கணக்கு பெரிதாகிக்கொண்டே போகிறது. கிலோபைட் காலத்தில் யாரும் பொருட்படுத்தாத வித்தியாசம் இன்று ஒரு முழு டிஸ்க்கின் அளவுக்கு வந்துவிட்டதற்கு இதுதான் காரணம்.

5. மிச்சம் இருக்கும் வித்தியாசத்தைத் தனியாகத் தேடுங்கள்

அலகு வித்தியாசத்தைக் கழித்த பிறகும் எண் இடித்தால்தான் மற்ற காரணங்களுக்குப் போக வேண்டும். முதலிலேயே அவற்றைக் கலந்தால் எது எவ்வளவு என்று தெரியாது.

லினக்ஸில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை வழக்கமாக ஐந்து சதவீத இடத்தை ரூட் பயனருக்காக (முழு உரிமை உள்ள நிர்வாகிக்காக) ஒதுக்கி வைக்கிறது. 1 டிபி டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட 50 ஜிபி. மொத்தத்திலிருந்து பயன்படுத்தியதைக் கழித்தால் காலி இடம் வரவில்லையே என்று முழிப்பவர்கள் இதைத்தான் பார்க்காமல் விட்டிருப்பார்கள். மீட்புப் பார்ட்டிஷன் ஒன்று மறைந்து இருக்கலாம். கோப்புகளில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு எண் வருவதும் வேறு விஷயம்: சின்னக் கோப்பும் ஒரு முழு பிளாக்கை, அதாவது கோப்புக்கு இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அளவை, பிடித்துக்கொள்ளும்.

ராம் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 8 ஜிபி ராம் போட்ட கணினியில் பயன்படுத்தக்கூடியது 7.4 ஜிபி என்று வந்தால், உடனே 8-ஐ 1.0737-ஆல் வகுத்து, "7.45 வருகிறது, அலகு வித்தியாசம்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். எண் பொருந்துவது தற்செயல். ராம் விற்பவரும் 1024, இயங்குதளமும் 1024, நடுவில் அலகு வித்தியாசமே கிடையாது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸ் தனக்கென்று ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கும், அதை எங்கே மாற்றலாம் என்று பயாஸில் பார்க்க வேண்டும். காரணத்தைத் தப்பாகப் பிடித்தால் சரிசெய்யக்கூடியதையும் சரிசெய்யாமல் விட்டுவிடுவோம்.

6. அளவை நீங்கள் கொடுக்கும்போது

இதுவரை படித்துப் பார்த்தோம். நாமே ஒரு கருவிக்கு அளவைத் தட்டும்போது தப்பு நிரந்தரமாகிவிடும், அதனால் இங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் எம்பியில் கேட்கும், ஆனால் அது மெபிபைட். 100 ஜிபி என்று அப்புறம் காட்ட வேண்டுமானால் 100000 அல்ல, 102400 தட்ட வேண்டும். லினக்ஸில் பார்ட்டட் கருவி 'ஜிபி' என்றால் ஆயிரக் கணக்காகவே எடுத்துக்கொள்ளும், எஃப்டிஸ்க்கில் வெறும் 'ஜி' என்றால் 1024. டிடி கட்டளையில் பிளாக் அளவுக்கு வெறும் 'எம்' போட்டால் 1,048,576 பைட், 'எம்பி' என்று போட்டால் 1,000,000 பைட். ஒரு எழுத்து கூடினால் அளவு குறைகிறது, இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கண்டெய்னர்களில், அதாவது ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிகளில், இது இன்னும் கடுமை. அவற்றை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் மெமரி வரம்பைப் பெரிய 'எம்' என்று எழுதினால் ஆயிரக் கணக்கு, 'எம்ஐ' என்று எழுதினால் 1024. ஜாவாவில் ஹீப்பின் (நிரல் தன் தரவை வைக்கும் மெமரிப் பகுதியின்) உச்ச அளவைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் அமைப்புக்குக் கொடுக்கும் 'எம்' எப்போதும் 1024. இரண்டு இடத்திலும் 512 என்று எழுதிவிட்டுச் சமமாக இருக்கிறது என்று நினைத்தால், வரம்பு 512,000,000 பைட், ஜாவா ஹீப்புக்கு மட்டும் 536,870,912 பைட். ஹீப் நிறைவதற்குள்ளேயே கண்டெய்னர் கொல்லப்படும். ஹீப்பைத் தவிர மற்றவற்றுக்கும் இடம் வேண்டும் என்பது தனிக் கதை. குபர்நெட்டீஸில் பெரிய 'எம்'முக்குப் பதில் சின்ன 'எம்' விழுந்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பொருள், ஒரு பைட்டைவிடக் குறைவான மெமரியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கண்டெய்னரை ஓட்டும் டாக்கரின் மெமரி வரம்பிலோ சின்ன 'எம்' என்பது 1024 கணக்கு மெபிபைட். ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தவறும், எனவே கோப்பை மாற்றும்போது அலகை மறுபடி படியுங்கள்.

7. நகலெடுக்கும் முன் கொள்ளுமா என்று பாருங்கள்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சர்வரின் தரவை முழுசாக எடுத்து வைக்க வேண்டியிருந்தது. கட்டளை 480 ஜி என்று காட்டியது, கையில் 500 ஜிபி டிஸ்க் காலியாக இருந்தது, இருபது மிச்சம் இருக்கிறதே என்று ராத்திரி ஓடவிட்டுப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் 97 சதவீதத்தில் இடம் போதாமல் நின்றிருந்தது. அந்த 480 ஜிபிபைட் என்பது 515,396,075,520 பைட். டிஸ்க்கில் இருந்தது 500,107,862,016 பைட். ஒரே ஒரு பெருக்கல் செய்திருந்தால் அந்த ராத்திரி வீணாகியிருக்காது. அன்றிலிருந்து நகலெடுக்கும் முன் இரண்டு பைட் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்காமல் எண்டரைத் தட்டுவதில்லை.

டிஸ்க்குக்கு டிஸ்க் அப்படியே குளோன் செய்யும்போதும் இதே சோதனைதான். இரண்டும் 'ஒரே அளவு' என்று அட்டையில் இருந்தாலும் செக்டார் எண்ணிக்கை ஒன்று குறைந்தால்கூடக் குளோன் முழுமையாகாது. 512, 500, 480 என்று விற்கும் எஸ்எஸ்டிகளை ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதாதீர்கள்.

இரண்டு வரம்புகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை நகலெடுக்கும்போதுதான் முட்டும். எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறைமை உள்ள பார்ட்டிஷனில் ஒரு கோப்பு அதிகபட்சம் 4,294,967,295 பைட். ஃபைண்டரில் 4.2 ஜிபி என்று தெரியும் கோப்பு அதில் ஏறும், விண்டோஸில் 4.2 ஜிபி என்று தெரியும் கோப்பு ஏறாது. பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணை 512 பைட் செக்டாரில் 2,199,023,255,552 பைட்டோடு நின்றுவிடும், அது 2 டெபிபைட். அதனால்தான் 2 டிபி டிஸ்க் அதில் முழுசாக வேலை செய்கிறது, 3 டிபி டிஸ்க் செய்வதில்லை.

8. எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட

விண்டோஸில் 50 ஜிபி என்று தெரியும் கோப்பை 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். பைட்டாக்கினால் 53,687,091,200. எட்டால் பெருக்கினால் 429,496,729,600 பிட். 100,000,000-ஆல் வகுத்தால் 4,295 நொடி, அதாவது ஏறக்குறைய 72 நிமிடம். அலகைப் பார்க்காமல் 50 ஆயிரம் எம்பி என்று போட்டால் 67 நிமிடம் வரும், பிட்டை பைட் என்று எடுத்தால் எட்டு நிமிடத்தில் முடியும் என்று யாருக்காவது வாக்குக் கொடுத்துவிடுவோம். இது கம்பி தரும் உச்ச வேகம் மட்டுமே. நெறிமுறைத் தலைப்புகள் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், அதனால் நேரம் இதைவிடக் கூடுமே தவிரக் குறையாது.

9. எழுதி வைக்கும்போது

அறிக்கையிலோ ஸ்கிரிப்ட்டிலோ அளவை எழுதினால் 1024 கணக்குக்கு நடுவில் 'ஐ' உள்ள சுருக்கத்தையே போடுங்கள். பார்க்க வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று சிலர் அதை எடுத்துவிடச் சொல்வார்கள், எடுக்காதீர்கள். அந்த ஒரு எழுத்தை விட்டால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு எந்தக் கணக்கு என்று தெரிய வழியே இல்லை.

ஸ்கிரிப்ட்டுக்குள் மாறிகளின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுவது நல்லது, உள்ளே சேமிப்பது எப்போதும் பைட்டாக இருக்கட்டும், திரையில் காட்டும் கடைசி வரியில் மட்டும் வகுங்கள். பவர்ஷெல்லில் '1ஜிபி' என்று எழுதினால் அது 1,073,741,824 என்பதையும் நினைவில் வையுங்கள், பெயரைப் பார்த்து ஆயிரக் கணக்கு என்று எடுத்துவிட வேண்டாம். டிஸ்க் வாங்கப் பட்டியல் தயாரிக்கிறீர்கள் என்றால் மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் விவரத் தாளில் உள்ள செக்டார் எண்ணிக்கையையும் ஒரு கட்டத்தில் எழுதிவிடுங்கள். ஒரு டிஸ்க் கெட்டு அவசரமாக மாற்று தேடும் நாளில் முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.